நினைவின் உறைவிடம் தேடிய வரலாறு

ஒரு செய்தி மறவாது நிற்பதை ‘மனத்திற் பதிந்தது’ என்று கூறுவது தமிழ் வழக்கு. பதிதல் என்னும் சொல், பதிவை ஏற்கும் பரப்பொன்று உண்டு என்பதை உட்கொண்டு நிற்கின்றது. பண்டைய கிரேக்கரும் இவ்வாறே எண்ணினர். பிளேட்டோ தமது ‘தியற்றிற்றசு’ என்னும் உரையாடலில், மாந்தர் ஒவ்வொருவரின் ஆன்மாவிலும் மெழுகுக்கட்டியொன்று இருப்பதாகவும், மோதிர முத்திரை பதிவதுபோல அனுபவங்கள் அதன்மீது பதிவதாகவும் உவமை காட்டினார். மெழுகு மிக மென்மையாயின் பதிவு எளிதில் ஏற்பட்டு எளிதில் அழியும். மிகக் கடினமாயின் பதிவு ஏற்படுவதே அரிது. உவமை அழகியது. ஆயின் அம்மெழுகு உடலின் எப்பகுதியில் உள்ளது, எதனாலாயது என்னும் வினா இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விடையின்றிக் கிடந்தது. 1904 ஆம் ஆண்டில் ஜேர்மானிய அறிஞர் றிச்சாட் செமன், அனுபவத்தினால் உயிர்ப்பொருளில் எஞ்சும் நிலையான மாற்றத்துக்கு ‘என்கிராம்’ எனப் பெயரிட்டார். பெயர் கிடைத்தது, பொருள் கிடைக்கவில்லை. அப்பொருளைத் தேடிய வரலாற்றில் வெற்றி பெற்றோருக்கு உள்ள இடம், தவறான இடத்தில் தேடியோருக்கும் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆய்வாளருக்கு மூளைத் திசு நுணுக்குக்காட்டியின் கீழ் அவிழ்க்கவொண்ணாத சிக்கலாகவே தோன்றிற்று. கலங்களின் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தமையால் ஒரு நார் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதைக் காண இயலவில்லை. இத்தாலியில் அபியாத்தேகிராசோ என்னும் சிற்றூரின் மருத்துவமனையிற் பணியாற்றிய கமில்லோ கொல்கி, 1873 இல் இதற்கொரு வழி கண்டார். பொற்றாசியம் இருகுரோமேற்றில் ஊறிய திசுவை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் இட்டபோது, மிகச் சில கலங்கள் மட்டும் கிளை நுனிவரை கருநிறம் பெற்றன. ஏனையவை நிறமேறாது நின்றன. எல்லாக் கலங்களும் நிறம் பெற்றிருப்பின் கண்டது மீண்டும் ஒரு கரிய குழப்பமாகவே இருந்திருக்கும். முறையின் குறையே அதன் சிறப்பாயிற்று.

இம்முறையைப் பதினான்கு ஆண்டுகள் கழித்து மத்திரித் நகரிற் கண்ட ஸ்பானிய மருத்துவர் சந்தியாகோ இரமோன் இ கஹால், அதனைத் திருத்திச் செம்மைப்படுத்தினார். முதிர்ந்த மூளையை விடுத்து, நார்கள் இன்னும் அடர்ந்து பின்னிக்கொள்ளாத குஞ்சுகளினதும் கருக்களினதும் மூளையை அவர் ஆய்ந்தார். 1888 முதல் அவர் வெளியிட்ட முடிவு தெளிவானது: நரம்புக்கலங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியானவை, அவை அருகருகே நெருங்குகின்றனவேயன்றி ஒன்றாகக் கலப்பதில்லை. கொல்கியோ நரம்புத்தொகுதி முழுவதும் தொடர்ச்சியான ஒரே வலை என்று கருதினார். 1906 இல் நோபெல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டபோது, கொல்கி தமது பரிசுரையையே கஹாலின் கொள்கையை மறுப்பதற்குப் பயன்படுத்தினார். ஒருவர் கண்ட சாயத்தைக்கொண்டு மற்றவர் கண்ட உண்மை, சாயத்தைக் கண்டவராலேயே ஏற்கப்படாது போயிற்று.

கலங்கள் தனித்தனியாயின் அவற்றிடையே இடைவெளி உண்டு. இடைவெளியுண்டாயின் அங்கு மாற்றம் நிகழக்கூடும். 1894 இல் இலண்டன் றோயல் சங்கத்தில் நிகழ்த்திய உரையில் கஹால் இவ்வழியே சிந்தனையைச் செலுத்தினார். மனப்பயிற்சி புதிய கலங்களைத் தோற்றுவிப்பதில்லை. ஏற்கெனவே உள்ள கலங்களின் கிளைகளையும் தொடர்புகளையும் வளர்க்கின்றது என்பது அவர் கருத்து. இறந்த திசுவின் மெல்லிய சீவல்களை மட்டுமே கண்டிருந்த ஒருவர் உயிருள்ள மூளையின் செயலை இவ்வளவு அண்மித்து ஊகித்தமை வியப்புக்குரியது. மூன்றாண்டுகளின் பின் ஆங்கில உடற்றொழிலியலாளர் சாள்ஸ் ஷெறிங்ரன் இவ்விணைப்பிடத்துக்குச் ‘சினாப்சு’ எனப் பெயரிட்டார். தமிழில் அது நரம்பிணைப்பு எனப்படும். அவ்விடைவெளியைக் கண்ணாற் காண 1950களில் இலத்திரன் நுணுக்குக்காட்டி வரவேண்டியிருந்தது. அதன் அகலம் மில்லிமீற்றரின் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு.

கஹாலின் ஊகம் நெடுங்காலம் ஊகமாகவே நின்றது. இதனிடையே அமெரிக்க உளவியலாளர் கார்ள் லாஷ்லி நேரடியான வழியொன்றை மேற்கொண்டார். எலிகளுக்குச் சிக்கலான வழிகளினூடே உணவைக் கண்டடையப் பழக்கிய பின், அவற்றின் மூளைய மேற்பட்டையில் வெவ்வேறு பகுதிகளை வெட்டியகற்றினார். என்கிராம் இருக்கும் துண்டு அகற்றப்பட்டால் எலி வழியை முற்றாக மறந்துவிடும் என்பது எதிர்பார்ப்பு. அத்தகைய துண்டு எதுவும் அகப்படவில்லை. எப்பகுதியை அகற்றினாலும் நினைவு அகற்றிய அளவுக்கேற்ப மங்கியதேயன்றி மறையவில்லை. தம் வாழ்நாளுழைப்பைத் தொகுத்து 1950 இல் எழுதிய ‘என்கிராமைத் தேடி’ என்னும் கட்டுரையில், சான்றுகளை நோக்குமிடத்துக் கற்றல் என்பதே நடைபெற முடியாததொன்று என எண்ணத் தோன்றுவதாகக் கசப்பான நகைச்சுவையுடன் அவர் எழுதினார். அவர் மேற்கொண்ட சோதனைகள் பிழையற்றவை. நினைவு ஓரிடத்துப் பொருள் என்ற எதிர்பார்ப்பிலேயே பிழை இருந்தது. எலி கண்ணாலும் மூக்காலும் தோலாலும் வழியறிந்தது. ஒரு புலனின் பகுதியை வெட்டினால் ஏனையவை கைகொடுத்தன.

லாஷ்லியின் மாணவரான கனேடியர் டொனால்ட் ஹெப், ஆசிரியரின் தோல்வியிலிருந்தே தம் கொள்கையை உருவாக்கினார். ஒரு கலம் மற்றொரு கலத்தைத் தூண்டுவதில் மீண்டும் மீண்டும் பங்கு கொள்ளுமாயின், அவ்விரண்டிலோ ஒன்றிலோ வளர்ச்சி அல்லது அனுசேப மாற்றம் ஏற்பட்டு, பின்னர் அத்தூண்டல் எளிதாகும் என 1949 இல் வெளிவந்த நூலில் அவர் கூறினார். இவ்வாறு பிணைந்த கலங்களின் கூட்டமே நினைவு. கூட்டம் பரந்து கிடப்பதால் சிறு வெட்டினால் அது அழியாது. ஹெப்பிடம் இதற்குக் கலவியற் சான்று எதுவும் இருக்கவில்லை. இருந்தும் பின்வந்த ஆய்வாளர் எதைத் தேடவேண்டும் என்பதை அந்நூல் வகுத்துத் தந்தது.

எங்கே தேடவேண்டும் என்பதை உணர்த்தியது ஒரு மனிதரின் இழப்பு. அமெரிக்காவில் 1926 இற் பிறந்து, அறிவியல் உலகில் ‘எச். எம்.’ என்னும் எழுத்துக்களால் அறியப்பட்ட அவர், கடும் வலிப்பு நோயால் துன்புற்றார். மருந்துகள் பயன் தராத நிலையில், 1953 இல் வில்லியம் ஸ்கோவில் என்னும் அறுவைமருத்துவர், மூளையின் இரு பக்கங்களிலும் கன்னப்பொறியின் உட்புறமாக அமைந்த பகுதிகளை அகற்றினார். கடற்குதிரையை ஒத்த வடிவினால் ‘ஹிப்போகாம்பசு’ எனப் பெயர்பெற்ற உறுப்பின் பெரும்பகுதி அவற்றோடு போயிற்று. வலிப்பு வெகுவாகக் குறைந்தது; நுண்ணறிவு குறையவில்லை; பேச்சும் பண்பும் பழுதுபடவில்லை. ஆயின் அன்றுமுதல் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் நிலைக்கவில்லை. உண்ட உணவும் சந்தித்த மனிதரும் கவனம் சிறிது வேறிடம் சென்றவுடன் மறைந்தனர். ஹெப்பின் மாணவியாகிய பிரெண்டா மில்னர் மொன்றியலிலிருந்து வந்து அவரைப் பல ஆண்டுகள் ஆய்ந்தார். ஒவ்வொரு சந்திப்பிலும் மில்னர் அவருக்குப் புதியவராகவே இருந்தார். ஸ்கோவிலும் மில்னரும் 1957 இல் இதனை வெளியிட்டபோது, நினைவை ஆக்கும் உறுப்பொன்று உண்டு என்பது மறுக்கவியலாததாயிற்று. பழைய நினைவுகள் பல எஞ்சியிருந்தமையால், ஆக்குமிடமும் நெடுங்காலம் வைத்திருக்குமிடமும் ஒன்றல்ல என்பதும் புலனாயிற்று. மேலும், கண்ணாடியிற் பார்த்தபடி நட்சத்திர வடிவமொன்றை வரையும் பயிற்சியில் அவர் நாளுக்கு நாள் தேறினார். முன்பு அதைச் செய்ததோ அவருக்கு நினைவில்லை. கை கற்றதை அவர் அறியவில்லை.

இதே காலத்தில் வேறொரு திசையிலும் தேடல் நடந்தது. பரம்பரைச் செய்தி டி. என். ஏ. மூலக்கூறில் எழுதப்பட்டுள்ள முறை 1953 இல் வெளிப்பட்டபின், வாழ்க்கையின் செய்தியும் மூலக்கூறிலேயே எழுதப்பட்டிருக்கலாம் என்று எண்ணுவது இயல்பேயாகும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் மக்கொனல், ஒளியையும் மின்னதிர்ச்சியையும் இணைத்துப் பிளனேரியா என்னும் தட்டைப்புழுக்களைப் பழக்கினார். பழக்கிய புழுக்களை நறுக்கிப் பழகாத புழுக்களுக்கு உணவாக்கியபோது உண்டவை விரைந்து கற்றன என 1962 இல் அறிவித்தார். செய்தித்தாள்கள் மகிழ்ந்தன, பேராசிரியரைத் தின்றால் தேர்விற் சித்தியடையலாம் என்னும் நகைச்சுவை மாணவரிடையே பிறந்தது. பழகிய எலிகளின் மூளைச் சாற்றைப் பழகாதவற்றுக்கு ஏற்றும் சோதனைகள் தொடர்ந்தன. 1966 இல் பல ஆய்வுகூடங்களைச் சேர்ந்த இருபத்துமூவர் ஒன்றுகூடி, தங்களால் அம்முடிவைப் பெற முடியவில்லை என அறிவித்தனர். தளராத ஜோர்ஜ் உங்கார், இருட்டுக்கு அஞ்சப் பழக்கிய ஆயிரக்கணக்கான எலிகளின் மூளையிலிருந்து பதினைந்து அமினோவமிலங்களாலான பொருளொன்றைப் பிரித்து, ‘ஸ்கோற்றோபோபின்’ எனப் பெயரிட்டு 1972 இல் வெளியிட்டார். அதே இதழிலேயே அதற்கு விரிவான மறுப்பும் அச்சாயிற்று. 1977 இல் உங்கார் மறைந்தபோது அவ்வாய்வுநெறியும் ஏறத்தாழ மறைந்தது.

இதனை அறிவியலின் கேலிக்கதையாக மட்டும் கூறுவோர் உளர். அது நேர்மையான தீர்ப்பன்று. மூலக்கூறுகளுக்கு நினைவிற் பங்குண்டா என்ற வினா சரியான வினாவே, விடையே தவறானது. மக்கொனலின் பல்கலைக்கழகத்திலேயே பேணாட் அக்ரனொவ் பொன்மீன்களைக்கொண்டு அதே வினாவை வேறுவிதமாக வினவினார். பயிற்சி முடிந்தவுடன் புரதத் தொகுப்பைத் தடுக்கும் பியூறோமைசின் என்னும் மருந்து ஊசிமூலம் ஏற்றப்பட்ட மீன்கள், சில நாட்களின் பின் பாடத்தை மறந்திருந்தன. பயிற்சி முடிந்து சிறிது நேரம் கழித்து ஏற்றப்பட்டவை மறக்கவில்லை. எனவே குறுகியகால நினைவுக்குப் புதிய புரதம் வேண்டியதில்லை. அது நீண்டகால நினைவாக உறைவதற்கு வேண்டும். புரதம் நினைவை எழுதிய ஏடன்று. கட்டடத்துக்கு வேண்டிய கல்லும் மண்ணும் போன்றது.

கட்டடம் எங்கே எழுகின்றது என்பதைக் காட்டியவர் எரிக் கண்டெல். 1929 இல் வியன்னாவில் யூதக் குடும்பத்திற் பிறந்த இவர், நாசிகளின் கொடுமையால் 1939 இல் அமெரிக்கா சென்றவர். இளமையின் அச்சம் நிறைந்த ஓராண்டு தம் நினைவில் அழியாது நின்றமையே தம்மை இத்துறைக்கு ஈர்த்தது எனப் பிற்காலத்தில் அவர் எழுதினார். மனித மூளையிற் பல்லாயிரங்கோடி நரம்புக்கலங்கள் உள்ளன. அதிலே கற்றலின் சுவட்டைத் தேடுவது ஆற்றுமணலில் ஒரு மணியைத் தேடுவதாகும். ஆதலால் அவர் அப்பிளீசியா என்னும் பெரிய கடல் நத்தையைத் தெரிவுசெய்தார். அதன் நரம்புக்கலங்கள் ஏறத்தாழ 20,000; அவற்றுட் சில வெறுங்கண்ணுக்கே தோன்றும் பருமனுடையவை; ஒவ்வொரு நத்தையிலும் அதே கலத்தை அதே இடத்திற் காணலாம். ஓடு குறுகிய நத்தையிலா மனித நினைவைக் கற்பது என அக்காலத்து அறிஞர் பலர் ஐயுற்றனர்.

நத்தையின் நீர்க்குழலைத் தொட்டால் அது தன் செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும். இது எளிய தெறிவினை. மீண்டும் மீண்டும் மென்மையாகத் தொடின் அது பொருட்படுத்தாது விடும். வாலில் மின்னதிர்ச்சி கொடுத்தபின் தொடின் முன்னிலும் வலிமையாக இழுக்கும். ஓர் அதிர்ச்சியின் நினைவு சில நிமிடங்கள் நிற்கும். இடைவெளி விட்டுப் பலமுறை கொடுத்தால் நாட்கணக்கில் நிற்கும். 1970 முதல் கண்டெலும் உடனாய்வாளரும் இத்தெறிவினையின் கலங்களை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து சென்று, மாற்றம் நிகழுமிடம் உணர்ச்சிக்கலத்துக்கும் இயக்கக்கலத்துக்கும் இடையிலான நரம்பிணைப்பே எனக் கண்டனர். குறுகியகாலத்தில் செறற்றோனின் என்னும் பொருளின் தூண்டலால் உணர்ச்சிக்கலம் மிகுதியான கடத்திப் பொருளைச் சொரிகின்றது. புதிதாக எதுவும் கட்டப்படுவதில்லை. பயிற்சி நீடித்தால் செய்தி கலத்தின் கருவுக்கே சென்று, ‘கிறெப்’ எனப்படும் புரதத்தினூடாகப் பரம்பரையலகுகளை இயக்குகின்றது. புதிய புரதங்கள் தோன்றுகின்றன. புதிய இணைப்புக்கள் முளைக்கின்றன. கிறெக் பெய்லியும் மேரி சென்னும் எண்ணிப் பார்த்தபோது, ஓர் உணர்ச்சிக்கலத்தில் ஏறத்தாழ 1300 ஆக இருந்த இணைப்பு முனைகள் பயிற்சியின்பின் 2700 அளவுக்குப் பெருகியிருந்தன. தொடுகையைப் பொருட்படுத்தாது விடப் பழகிய நத்தைகளில் அவை குறைந்திருந்தன. கஹால் 1894 இல் ஊகித்தது எண்ணிக்கையாகவே கைக்கு வந்தது. கண்டெலுக்கு 2000 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது.

முலையூட்டிகளிலும் இவ்வாறு நிகழ்கின்றதா என்ற வினாவுக்கு முதல் விடை நோர்வேயிலிருந்து வந்தது. ஒஸ்லோவிலே ரேஜே லேமோவும் ஆங்கிலேயரான ரிம் பிளிசும், மயக்கமருந்தூட்டிய முயலின் ஹிப்போகாம்பசுக்குச் செல்லும் நார்களை விரைவான மின்துடிப்புக்களால் சிறிது நேரம் தூண்டினர். அதன்பின் தனித்துடிப்பொன்றுக்கு எழும் விடையும் முன்னிலும் பெரிதாயிருந்தது. அந்நிலை மணிக்கணக்காக நீடித்தது. 1973 இல் வெளிவந்த இக்கட்டுரை, எச். எம். இழந்த அதே உறுப்பில் ஹெப் வகுத்த விதி இயங்குவதைக் காட்டிற்று. விதியின் பொறியமைப்பு அடுத்த பத்தாண்டுகளில் தெளிவாயிற்று. குளுட்டமேற்றை ஏற்கும் வாங்கிகளுள் ஒருவகை, ‘என். எம். டி. ஏ.’ எனப்படுவது, சாதாரண நிலையில் மகனீசியம் அயனால் அடைபட்டுக் கிடக்கின்றது. முன்கலம் குளுட்டமேற்றைச் சொரிவதும் பின்கலம் ஏற்கெனவே தூண்டப்பட்டிருப்பதும் ஒருங்கே நிகழ்ந்தாலே அவ்வடைப்பு நீங்கிக் கல்சியம் உட்புகும். கல்சியம் நொதியங்களை எழுப்ப, இணைப்பிற் புதிய வாங்கிகள் பொருத்தப்படுகின்றன. இரு திறப்புக்கள் ஒருங்கே இட்டாலன்றித் திறவாத பேழையை இது ஒத்தது. 1986 இல் றிச்சாட் மொறிஸ் இவ்வாங்கியைத் தடுக்கும் மருந்தை எலிகளுக்கு ஏற்றியபோது, நீர்த்தொட்டியில் மறைந்திருந்த மேடையின் இடத்தை அவை கற்கத் தவறின.

லாஷ்லி தேடிய கலக்கூட்டத்தைத் தொட்டறியும் காலமும் வந்தது. ரொறன்ரோவில் ஷீனா ஜொசெலினின் குழுவினர் 2009 இல் எலியின் அச்ச நினைவில் பங்குகொண்ட சில கலங்களை மட்டும் அழித்தபோது அந்நினைவு மறைந்தது. 2012 இல் சுசுமு தொனெகாவாவின் குழுவினர், கற்றலின்போது இயங்கிய ஹிப்போகாம்பசுக் கலங்களுக்கு ஒளியுணரும் புரதமொன்றை அளித்து, பின்னர் முற்றிலும் வேறான கூட்டில் ஒளியால் அவற்றைத் தூண்டினர். எலி அச்சத்தால் உறைந்து நின்றது. அடுத்த ஆண்டில், ஒருபோதும் தீங்கு நேராத இடத்தையே எலி அஞ்சுமாறு பொய் நினைவொன்றையும் அவர்கள் உண்டாக்கினர். ஆயின் 2015 இல் அதே ஆய்வுகூடத்தின் முடிவொன்று சிக்கலை வளர்த்தது. புரதத் தொகுப்பைத் தடுத்ததால் இணைப்புக்கள் வலுப்பெறாத எலிகள் இயல்பான சூழலிற் பாடத்தை மறந்திருந்தன. அதே கலங்களை ஒளியாற் தூண்டியபோது நினைவு மீண்டது. எனில் இணைப்பின் வலிமை நினைவை மீட்கும் வழி மட்டுமா? எக்கலம் எக்கலத்தோடு பிணைந்துள்ளது என்பதே நினைவா? 2018 இல் டேவிட் கிளான்ஸ்மனின் குழு, பழகிய அப்பிளீசியாவின் ஆர். என். ஏ.யைப் பழகாததற்கு ஏற்றியபோது உணர்ச்சிமிகை கடத்தப்பட்டதாக அறிவித்தது. புதைக்கப்பட்டதாக எண்ணிய மக்கொனலின் வினா மீண்டும் தலைதூக்கியது. பெரும்பாலோர் இதனை ஏற்கத் தயங்குகின்றனர்.

யாவற்றினும் ஆழமான வினாவை எழுப்பியவர் டி. என். ஏ. அமைப்பைக் கண்டவருள் ஒருவரான பிரான்சிஸ் கிறிக். மூளைப் புரதங்கள் பெரும்பாலும் நாட்களிலோ வாரங்களிலோ சிதைந்து புதியவற்றால் ஈடுசெய்யப்படுகின்றன. நினைவோ எண்பதாண்டு நிற்கின்றது. அழியும் கல்லால் அழியாக் கட்டடம் எழுவது எவ்வாறு என 1984 இல் அவர் வினவினார். சிதையும் மூலக்கூறு தன் நிலையைத் தனக்குப் பின்வரும் மூலக்கூறுக்குக் கையளிக்குமாயின் அமைப்பு நிலைக்கும் என்பது அவர் குறிப்பு. ஜோன் லிஸ்மன் அடுத்த ஆண்டில் அத்தகைய நொதியமொன்றின் மாதிரியை வகுத்தார். ரொட் சக்ரர், ‘பி. கே. எம். சீற்றா’ என்னும் நொதியமே அது என்றார். 2006 இல் அதனைத் தடுக்கும் பொருளொன்று எலிகளின் பழைய நினைவை அழித்தது. 2013 இல் அந்நொதியமே இல்லாது பிறந்த எலிகளும் நன்கு நினைவுகொண்டன என இரு ஆய்வுகூடங்கள் காட்டின. 2024 இல் சக்ரரும் அன்ட்ரே பென்ரனும் உடனாய்வாளரும், ‘கிப்றா’ என்னும் மற்றொரு புரதம் அந்நொதியத்தை வலுப்பெற்ற இணைப்பிலே பிடித்து நிறுத்துவதாகவும், பழைய மூலக்கூறுகள் சிதைந்தாலும் புதியவை அதே இடத்துக்கு அழைக்கப்படுவதாகவும் சான்று காட்டினர். விவாதம் முடியவில்லை.

எச். எம். 2008 டிசெம்பரிற் காலமானார். அதன் பின்னரே ஹென்றி மொலேசன் என்னும் அவர் பெயர் வெளியிடப்பட்டது. மறு ஆண்டில் கலிபோர்னியாவில் அவர் மூளை 2401 மெல்லிய சீவல்களாக அறுக்கப்பட்டுப் பேணப்பட்டது. அறுவைக்குப் பிந்திய ஐம்பத்தைந்து ஆண்டுகளில் தெளிவான நிகழ்ச்சியாக எதையும் கூறவியலாத அவர், பதின்மூன்று வயதிற் சிறு விமானமொன்றிற் பறந்ததையும், விமானி சிறிது நேரம் கட்டுப்பாட்டைத் தம்மிடம் விட்டதையும் முதுமையிலும் நுணுக்கமாக விவரித்தார். அன்று அந்தச் சிறுவனின் மூளையில் அச்சுவட்டைத் தாங்கிய புரதங்களுட் பெரும்பாலானவை, அவர் அதைக் கூறிய காலத்துக்குள் எத்தனையோ முறை சிதைந்து புதுப்பிக்கப்பட்டிருந்தன.